தெப்பத்து நாய்

"என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க? கடைசி ரீலைக் காணோம்!"

பல் டாக்டர் படியேறி வந்த வேகத்தில் ஆபரேட்டர் ரூம் கதவு சுவரில் மோதித் திரும்பியது. கீழே அவளுடைய ஆறு வயது மகள் அழுவது இங்கே வரைக்கும் கேட்டது.

ஆபரேட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. மெஷினில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா ரீலும் ஓடிடுச்சும்மா. படம் அவ்வளவுதான்."

"சும்மா சொல்லாதீங்க! ஒரு குடும்பம் தெப்பத்துல ஆத்தோட போகுது. சுழல்ல நாய் தண்ணிக்குள்ள விழுந்துடுது. கடைசியில அதே நாய் அப்பா மடியில தூங்கும். சின்ன வயசுல இதே தியேட்டர்ல பார்த்தேன். மறக்குமா எனக்கு?"

அந்தப் படத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒருத்தரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. தியேட்டரில் 'பழைய படங்கள் வாரம்' நடத்தி அதைப் போடுகிறார்கள் என்றதும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, புருஷனையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நாய் விழுந்ததும் மகள் கண்ணைப் பொத்திக்கொள்ள, "திரும்பி வந்துடும்டா, அம்மா பிராமிஸ்" என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தாள். இப்போது 'அம்மா பொய் சொல்லிட்டா' என்று குழந்தை தியேட்டரையே ரெண்டாக்குகிறது.

"மடியில தூங்குறது மூணாவது ரீல்மா. நாய் விழறதுக்கு ரொம்ப முன்னாடி."

"அப்ப நான் பார்த்தது?"

ஆபரேட்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. நாய் போனதும் முன் வரிசையில ஒரு பொண்ணு அழுதா பாருங்க, அப்படி ஒரு அழுகை! முன்பல் ரெண்டும் இல்ல. அழுகை விசில் மாதிரி வருது. படம் முடிஞ்சும் நிறுத்தல. மனசு கேக்கல. மூணாவது ரீலை இன்னொரு தடவை ஓட்டிட்டேன். பொண்ணு கை தட்டுறா. நான் முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

பல் டாக்டரின் கை தானாகத் தன் முன்பல்லுக்குப் போனது. வரும்போது கொண்டுவந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஐயா... அந்தப் பொண்ணு..."

"கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல கீழ போய்ப் பாப்பா பக்கத்துல உக்காருங்க" என்றபடி ஆபரேட்டர் சுவிட்சைத் தட்டினார். "மூணாவது ரீலை மாட்டிட்டேன்."