மூலையில் நிற்பவன்

நாத்தனார் கொண்டுவந்த தாளைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

படத்தின் இடது மூலையில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

போன வாரம் நான் அனுப்பியபோது அவன் அங்கே இல்லை. திறந்த வாசல் மட்டும்தான் இருந்தது. வாடிக்கையாளர் கேட்டதும் அப்படித்தான். படுக்கையில் பூத் தூவிவிட்டு, கையில் மாலையோடு தனியாகக் காத்திருக்கும் நாயகி.

சிற்றோவியத்தில் நாயகிகள் எட்டு வகை. ஒருத்தி நாயகனுக்காகக் காத்திருப்பாள், ஒருத்தி அழுவாள், ஒருத்தி பாம்பையும் இடியையும் பொருட்படுத்தாமல் மழையில் அவனைத் தேடிப் போவாள். எட்டுப் பேரில் ஒருத்திக்குக்கூட வேறு வேலை கிடையாது.

எனக்கு உண்டு. மரம், மாடம், படுக்கை, துணிமணி எல்லாம் என் கணவர் வரைவார். முகம் என்னுடையது. அவருக்கு முகம் வராது. அவர் போடும் மூக்கு கிளிக்குத்தான் பொருந்தும். நான் முகம் முடித்துக் கொடுத்த பிறகு ஓரத்துக்குத் தங்கக் கோடு இழுத்து, அடியில் கையெழுத்துப் போடுவார்.

அப்பேர்ப்பட்டவர் பேட்டி எடுக்க வந்த டிவிக்காரர்களிடம் சொன்னார்: "என் ஒய்ஃப் சும்மா கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மைக் என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயந்திரமே தூரிகைகளை வாரிக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் இந்த மாடி அறைக்கு வந்துவிட்டேன். சண்டை வேறு, வேலை வேறு. அதனால் தாள் மட்டும் நாத்தனார் கையில் போய்வந்துகொண்டிருந்தது.

இப்போது இந்த ஆள்.

தலைப்பாகை பிரமாதம். அங்கியின் ஒவ்வொரு மடிப்பும் நூல் பிடித்த மாதிரி. செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தலைப்பாகைக்கும் கழுத்துக்கும் நடுவில் வெறும் தாள்.

முகம் இல்லை.

"என்னம்மா, பாதியிலயே குடுத்துவிட்டுட்டானா?" என்று எட்டிப் பார்த்தார் நாத்தனார். உட்காருங்கள் என்று எவ்வளவு சொல்லியும் ஜன்னலோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

பாதியில் விடவில்லை. தனக்கு முடிந்ததை முழுதாகவே முடித்திருக்கிறார். மிச்சம் இருப்பது என் வேலை. நீ இல்லாவிட்டால் எனக்கு முகம் இல்லை என்று இதைவிடப் பச்சையாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது.

மனசு இளகத்தான் செய்தது. ஆனால் ஊரறியச் சொன்ன வார்த்தைக்கு, ஒரு மூலையில் ரகசியமாக வந்து நின்றால் போதுமா?

தூரிகையை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

"முகம் வேணும்னா நேர்ல வந்து உக்காரச் சொல்லுங்க அண்ணி. அடியில இனிமே ரெண்டு கையெழுத்து."

நாத்தனார் சட்டென்று ஜன்னலைத் திறந்து, "டேய், வாடா மேல!" என்று தெருமுனையைப் பார்த்துக் கத்தினார்.

அவர் உட்காராததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

படியில் காலடி கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிற காலடி. நான் எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீரை மாற்றிக்கொண்டே, நாயகியின் கண்ணை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

வாடிக்கையாளர் சொன்னபடி அவள் குனிந்து, கையிலிருக்கும் மாலையைப் பார்க்க வேண்டும்.

போன வாரம் நான் கண்ணில் கருமணி வைத்து அனுப்பியபோதே அவள் மாலையைப் பார்க்கவில்லை. யாருமே இல்லாத அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருமணி வைப்பதில் இதுவரை என் கை தவறியதே இல்லை.