பல்லைக் காட்டிய பேட்டரி

கரண்ட் போன கொஞ்ச நேரத்திலேயே பல் டாக்டர் வீடும் இருட்டாகிவிட்டது.

அடுத்த வீட்டுத் தையல் மாஸ்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மதில்மேல் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன டாக்டர், பீரோ சைஸுக்கு பேட்டரி வாங்கி சுவத்துல மாட்டினீங்க. அதுக்குள்ள பல்லைக் காட்டிடுச்சா?"

"காட்டிடுச்சு மாஸ்டர்," இருட்டுக்குள்ளிருந்து டாக்டர் குரல் வந்தது. "உங்க வீட்டுல?"

"நம்மளது கிழட்டு பேட்டரிதான். ஆனா மிஷின் ஓடுது, அயர்ன் பாக்ஸ் கொதிக்குது. எதுக்கும் ஒரு கைராசி வேணும் டாக்டர்!"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" மனைவி அவரை உள்ளே இழுத்தாள். "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள யூனிஃபார்ம் மொத்தமும் குடுத்தாகணும். இந்த ஆர்டர் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்."

"உனக்கு ஏன் பொத்துக்கிட்டு வருது? நீ என்ன அவருக்கு வக்கீலா?"

மறுநாள் காலை டாக்டர் வீட்டு வாசலில் பேட்டரி மெக்கானிக்கின் வண்டி வந்து நின்றது.

வேடிக்கை பார்க்காமல் மாஸ்டரால் இருக்க முடியுமா? தைத்துக்கொண்டிருந்த காலரை அப்படியே போட்டுவிட்டு, மதிலோரம் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு சார்," என்றார் மெக்கானிக். "ஆனா இங்கேருந்து ஒரு வயர் மதிலைத் தாண்டிப் போகுதே! யாரோ உங்க கரண்ட்டைத் திருடறாங்க."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். வயர் அவர் தலைக்கு மேலே, துணிக்கொடியோடு கொடியாக ஓடி, அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்தது. ஜன்னலில் நின்றிருந்த மனைவி சட்டென்று உள்ளே மறைந்தாள்.

"மெதுவா பேசுங்க," டாக்டர் குரல் தாழ்ந்தது. "போட்டதே நான்தான். மாஸ்டரோட பேட்டரி செத்து ஒரு மாசமாச்சு. அவர் சம்சாரம் வந்து சொல்லிக் கண் கலங்கிட்டாங்க. சார்ஜ் அவங்களுக்குப் பத்தணும்னு எங்க வீட்டு லைட்டை நானே அணைச்சுடறேன். அயர்ன் பாக்ஸ் போட்டா வயர் சுடுது. இன்னும் தடிமனா ஒண்ணு போடத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அவர்கிட்டயே சொல்லிட வேண்டியதுதானே சார்?"

"சொன்னா வேணாம்னுடுவார். கிண்டல் பண்றதையும் நிறுத்திடுவார். அப்புறம் கரண்ட் இல்லாத நேரத்துல எனக்கு எப்படிய்யா பொழுது போகும்?"