கதகதப்பான தரை

மலைக்குளிரில் மனைவி வடிவின் பாதங்கள் மரத்துப்போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், தாங்கள் கட்டும் வீட்டில் தணிகாசலம் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதித்தார். தெர்மோகோல் பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் ஒட்டில்லாத ஒரே பிளாஸ்டிக் குழாயை, ஜாங்கிரி பிழிவதுபோல் தானே சுற்றிச் சுற்றி வளைத்தார். நேற்று அதன்மேல் கான்கிரீட் போட்டாயிற்று. இன்று கெட்டிப்பட்ட தரையில் உட்கார்ந்து, கைப்பம்பால் குழாய்க்குள் தண்ணீரை அழுத்திப் பார்த்தார். அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் ஏறியது. கையை நிறுத்தியதும் விழுந்துவிட்டது.

"எங்கயோ ஒழுகுது வடிவு. எங்கன்னுதான் தெரியல."

"பயப்படாதீங்க. வீட்டுக்குத் திசைக்கட்டு போட்டாச்சு. நேத்து கான்கிரீட்டுக்கு முன்னாடி நீங்க ஜல்லி இறக்கப் போனப்ப, எட்டுத் திசைக்கும் மந்திரிச்ச ஆணி அடிச்சிட்டேன். சொன்னா சிரிப்பீங்கன்னுதான் சொல்லல."

"எதுல அடிச்ச?"

"அந்தத் தெர்மோகோல்ல ஆணி நிக்கவே மாட்டேன்னுச்சுங்க. உங்க குழாய் மேல வச்சு அடிச்சேன். எட்டும் கச்சிதமா இறங்கிருச்சு."

அவர் கை பம்பின் பிடியிலேயே இருந்தது. வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு, சில்லென்றிருந்த புதுச் சிமெண்டின் மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்தாள்.

"எப்பங்க சூடு ஏறும்?"

"இந்தா, ஏறிரும்," என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் பம்பை அடிக்கத் தொடங்கினார்.