பிற்பகல் பெருக்கு

சக்கரம் தளர ஆரம்பித்திருந்தது. எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சமையலறையிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

சோறு போட்டுக்கொண்டே காதை முன்னறைப் பக்கம் வைத்திருந்தாள்.

அவர் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே காதை அந்தப் பக்கம்தான் வைத்திருந்தார்.

நேற்று மதியம் பார்த்து, சக்கரத்தைச் சோதிக்கிறேன் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து தொலைத்தார். வந்தவர் லேசில் கிளம்பினாரா, விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார்ந்துவிட்டார். ருக்மணியின் வேலை நேற்று நடக்கவில்லை.

வேலை என்ன பெரிய வேலை. புருஷன் தாமோதரன் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும், அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் சார்ஜரை எடுக்க வேண்டும். முன்னறை மேஜையில் ராப்பகலாகச் சுற்றுகிறதே சைக்கிள் சக்கரம், அதற்குக் கீழே மரப்பெட்டிக்குள் பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று இருக்கிறது. சிவப்பைச் சிவப்பில் மாட்ட வேண்டும், கறுப்பைக் கறுப்பில் மாட்ட வேண்டும். அவர் எழுவதற்குள் கழற்றிவிட வேண்டும்.

நாலு வருஷமாக.

பேட்டரி தொடக்கிவிட மட்டும்தான், அப்புறம் சக்கரம் தன்னால் ஓடும், ஓடிக்கொண்டே பேட்டரியையும் நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

முதல் முறை ஓடிய சக்கரம் மறுநாளே நின்றுவிட்டது. எழவு வீட்டில் உட்காருகிற மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். மனுஷன் பிழைத்தால் போதும் என்றுதான் அவள் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போய்க் கெஞ்சி சார்ஜர் வாங்கி வந்தாள்.

சக்கரம் ஓடியது. அவரும் எழுந்து சாப்பிட்டார்.

அதோடு விட்டாரா. தினமும் மதியத்துக்கு மேல்தான் பேட்டரியில் மாட்டிய மீட்டரின் முள் ஏறுகிறது என்று கண்டுபிடித்தார். வெயில் சாய்கிற நேரத்தில் ஆகாயத்திலிருந்து சக்தி இறங்குகிறதாம். அதற்குப் பிற்பகல் பெருக்கு என்று பேரும் வைத்தார். தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள்.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, ருக்மணி காலை பஸ்ஸில் போய்ப் பேத்தி முகத்தைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் ஓடி வந்தாள். இன்னும் ரெண்டு நாள் இரும்மா என்று மகள் அழுதாள். பெருக்கு யாருக்காகக் காத்திருக்கும்.

"பெருக்குன்னு இயற்பியல்ல ஒண்ணு கெடையவே கெடையாதுங்க," என்றார் பேராசிரியர் நேற்று. குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. ஆற்றல் வேறு, திறன் வேறு, ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்றார். உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வந்தால் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம், அது எங்கிருந்து என்று கேட்டார்.

தாமோதரன் விடவில்லை. "உங்க புஸ்தகத்துல பேர் இல்லாட்டி அது வராம போயிருமுங்களா?"

அந்த எங்கிருந்தோ, காப்பித் தட்டோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் பேராசிரியர் ஒரு வழி சொன்னார். நாளை வெள்ளிக்கிழமை, இதை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டு வாருங்கள். அறையைப் பூட்டிவிடுவோம். திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் திறப்போம். ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் வைத்த பேரை நானே சொல்கிறேன்.

சரி என்று தலையாட்டிவிட்டார். ஆட்டும்போது கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். காப்பிக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வண்டி வரும். இப்போது எவ்வளவு ஏற்றினாலும் திங்கட்கிழமை வரை தாங்காது. பூட்டிய அறைக்குள் அவளால் போக முடியாது. கதவைத் திறக்கும்போது அத்தனை பேர் முன்னால் அது செத்துக் கிடக்கும். மறுபடி எழவு வீடு. இந்தத் தடவை அவர் எழுந்திருப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று சாப்பாட்டுக்கு நடுவே எத்தனையோ தரம் வாயைத் திறந்தாள். மோர் ஊத்தட்டுங்களா என்று கேட்டு மூடிக்கொண்டாள்.

அவர் கை கழுவிவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தார்.

கொஞ்சம் பொறுத்து அவள் அரிசி டின்னை நகர்த்தினாள். கிறீச் என்றது. எப்படி நகர்த்தினாலும் அது கிறீச்சிடத்தான் செய்யும்.

சார்ஜரோடு உள்ளறையை எட்டிப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ராத்திரியில் மல்லாந்துதான் படுப்பார். கரண்ட் போய் ஃபேன் நின்றாலே விழித்துக்கொள்வார்.

மதியம் மட்டும்தான் சுவரைப் பார்த்து, அசையாமல்.

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ருக்கு." சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னைக்கு நீயும் சித்த நேரம் படு."

சார்ஜரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒளிக்க இனி என்ன இருக்கிறது, அப்படியே தரையில் வைத்தாள். பாயை விரித்து உடம்பைச் சாய்த்ததும் முதுகெலும்பு ஒவ்வொன்றாக இறங்கியது. சக்கரம் இழுத்து இழுத்துச் சுற்றியது. அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.

அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. தூங்கிப்போனாள்.

விழிப்பு வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. பக்கத்தில் கட்டில் காலியாகக் கிடந்தது. எழுந்து பார்க்கப் பயந்து அப்படியே கிடந்தாள்.

அடுப்படியில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

"சர்க்கரை டப்பா எங்க வெச்சிருக்க?" என்று அவர் குரல் வந்தது.

நாலு வருஷமாக சார்ஜர் இருந்த இடம் தெரிந்த மனுஷனுக்கு, சர்க்கரை இருக்கும் இடம் தெரியவில்லை.