நானூற்றுப் பன்னிரண்டு கருத்துகள்

"நானூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்து எழுதியிருக்காங்க. ஆனா போன் ஒண்ணுதான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் சார்ஜன்ட்?" என்றார் ஸ்ரீதரன்.

பொலிஸ் ஜீப் றக்வானைக்கு மேலே தேயிலைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. சார்ஜன்ட் தாஸிம், கொழும்பிலிருந்து வந்த ஸ்ரீதரனுக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்து, கண்ணாடியை இறக்கிவிட மட்டும் சொன்னார்.

ஸ்ரீதரன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய அதிகாரி. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொழிலாளர்களின் முகத்தையும் கைரேகையையும் பதிவு செய்யும் இயந்திரங்களைத் தோட்டங்களுக்கு விற்பது அந்த நிறுவனம்தான். அப்படிப் பதிந்தவற்றைச் சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமலே வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று இப்போது ஒரு புதிய விதி வரவிருந்தது. விதியை எழுதிய அரசாங்கக் குழுவில் ஐந்து பேர். அவர்களில் நான்கு பேர் ஸ்ரீதரனின் ஆட்கள்.

பொதுமக்கள் இணையத்தில் கருத்துச் சொல்ல இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். வந்த எதிர்ப்பில் பெரும்பகுதி இப்போது அவர்கள் போய்க்கொண்டிருந்த ஒரு தோட்டத்திலிருந்து, ஒரே போனிலிருந்து வந்திருந்தது. அதை விசாரிக்க அமைச்சில் கணினி தெரிந்தவர் யாரும் இல்லாததால், அதற்கும் ஸ்ரீதரனையே அனுப்பியிருந்தார்கள்.

போன் விஜயகலாவுடையது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. ஜீப்பைக் கண்டதும் அவள் ஒரு கொப்பியைப் பால்மா அலுமாரிக்குள் தள்ளியதை ஸ்ரீதரன் பார்த்துவிட்டார்.

"அதை எடுங்க."

எடுத்தாள். கொப்பி நிறையப் பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும். எல்லாம் ஒரே கையெழுத்து.

"இது யார் எழுதினது தங்கச்சி?" என்று கேட்டார் தாஸிம்.

"நாந்தாங்க."

"போன்ல அனுப்பினதும்?"

"அதுவும் நாந்தாங்க சேர்." அழ ஆரம்பித்த குழந்தை ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்களா?"

"வேலையைப் பத்தியா கவலைப்படறீங்க? இது ஆள்மாறாட்டம். மறியல்ல கம்பி எண்ண வேண்டிய விஷயம்," என்றார் ஸ்ரீதரன்.

கொப்பியில் முதல் பெயர் தங்கம்மா. அடுத்த லயத்து வீட்டு வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கூப்பிட்டதும் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"நீங்க இன்டர்நெட்ல கருத்து எழுதினீங்களா அம்மா?"

"இல்லீங்களே. எனக்கு எழுதவே தெரியாதுங்க."

ஸ்ரீதரன் திருப்தியோடு கைகளைக் கட்டிக்கொண்டார். தாஸிம் மனமில்லாமல் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, விஜயகலாவின் முழுப்பெயரைக் கேட்டு எழுதினார்.

"சேர், எழுதினீங்களான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. சொன்னீங்களான்னு கேளுங்க," என்றாள் விஜயகலா.

தாஸிம் கேட்டார்.

"சொன்னேங்க," என்றாள் தங்கம்மா. "தண்ணித் தாங்கிகிட்டதான் சிக்னல் இருக்கு. எல்லாரும் அங்க வரிசையில நின்னு சொன்னோம், இந்தப் புள்ள எழுதுச்சு. என் மூஞ்சிய எடுத்து யாருக்காவது குடுக்கிறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு சொன்னேன். தப்புங்களா?"

"அப்ப கொப்பிய ஏன் ஒளிச்சீங்க?" என்று தாஸிம் விஜயகலாவிடம் திரும்பினார்.

"ஆளுங்களோட நம்பரெல்லாம் இருக்குங்க. தெரியாதவங்க கையில சிக்கிறக் கூடாதுன்னுதான்."

தாஸிமுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ரீதரனுக்கு வரவில்லை.

"கதை நல்லாதான் இருக்கு. ஆனா ஒரு போன்னா ஒரு ஆள்தான். உண்மையான மக்கள் கருத்து எப்படி இருக்கும்னு காட்டறேன், பாருங்க." தன் டெப்லட்டைத் திறந்து நீட்டினார். "விதியை ஆதரிச்சு மூவாயிரம் பேர். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற போன், வேற வேற அடையாள அட்டை. றக்வானையில மட்டுமே எழுபது பேர்."

தாஸிம் அதை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'என்னைப் பற்றிய தகவல்களை என்னிடம் கேட்காமலே பயன்படுத்துவதை மனமார வரவேற்கிறேன்,'" என்று வாசித்தார். "நல்ல தமிழ். எனக்கெல்லாம் இப்பிடி எழுத வராது. இந்த ஆளோட யாரும் பேசினீங்களா சேர்?"

"தேவையே இல்லை. இவங்க எல்லாரும் எங்க ஆப்ல பதிஞ்சவங்க. மாசம் ஒரு ஜீபி டேட்டா இலவசமா குடுத்தோம். பேர், நம்பர் எல்லாம் அவங்களாவே தந்தது."

"ஓ, அந்த ஒரு ஜீபியா?"

"உங்களுக்கும் தெரியுமா?"

"கேள்விப்பட்டிரிக்கேன். அப்ப, இத எழுதினது இவரேதான்?"

"நூறு வீதம். வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"போடுங்க சேர்."

ஸ்ரீதரன் எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் இட்டுக் கொடுத்தார். தாஸிம் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். விஜயகலாவின் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு, வேறொரு புகாரை எழுதப் புதிய பக்கத்தைத் திருப்பினார்.

முறைப்பாட்டாளர் என்ற இடத்தில், திரையில் அந்தக் கருத்துக்கு மேலே இருந்த பெயரை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதினார்: மொஹமட் தாஸிம்.