மாப்பிள்ளைக்கு வைத்தியம்

"ஏன் மாப்பிள்ள, டீசேட்டோட குளிக்கிறீங்க?"

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துக்கொண்டிருந்த அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் பிலிப்புக்குக் கங்காணிக் குரல். மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுப்பவர்களுக்கும் கேட்கும்.

ஜெசிந்தன் கூனிக் குறுகினான். கலியாணமாகி முதல் நத்தார்ப் பண்டிகைக்கு, பண்டாரவளையிலிருந்து நமுனுகுலவுக்கு விருந்தாளியாக வந்தவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவனுக்கு நெஞ்சில் சதை கொஞ்சம் கூடுதல். தொளதொளச் சட்டை போட்டே இத்தனை வருஷமும் ஒப்பேற்றிவிட்டான். இப்போது நனைந்த டீசேட் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

பிலிப்பு உற்றுப் பார்த்தார்.

"நாளைக்குப் பதுளைக்குப் போறோம். டொக்டர்கிட்ட காட்டிருவோம்."

"அதெல்லாம் வேணாம் மாமா!"

"வேணாம்னா எப்படி? ஒடம்பு விஷயம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பாய்ந்தான். "ஒங்கப்பாவுக்கு என் நெஞ்சுல என்ன வேலை?"

அஞ்சலின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எனக்கு ஒரு கொறையும் தெரியலிங்க. ஆனா அப்பா புடிச்சா விடமாட்டாரு. போயிட்டு வந்துருங்க."

மறுநாள் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த கடைக்கார சிவஞானம் திரும்பினார். "மாமனும் மருமகனும் எங்க கெளம்பிட்டீங்க?"

"மாப்பிள்ளைக்கு நெஞ்சு கொஞ்சம் பொம்பளைங்க மாதிரி இருக்கு. ஆம்பளைக்கு அப்படி வந்தா ஆபத்தா? கேள்விப்பட்டிருக்கியா?"

"எனக்கென்னப்பா தெரியும்? பொண்ணு குடுக்க முன்னாடியில்ல பாத்திருக்கணும்!"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து ஜன்னல் வழியாகத் தன் உடம்பு வெளியே போகுமா என்று ஜெசிந்தன் யோசித்தான். திரும்பி வந்ததும் பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான். இனி மாமனார் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை.

பதுளையில் போய்ப் பார்த்தால் டொக்டரும் பெண். பெயர் றிப்கா. வெளியே நிற்பார் என்று நினைத்த மாமனார், கூடவே உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

டொக்டர் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். கேள்விகள் கேட்டார். ஏதாவது மருந்து குடிக்கிறீங்களா? ஜிம் பவுடர், ஊசி?

"ஒண்ணும் இல்லீங்க."

"பயப்படாதீங்க, இது வெறும் கொழுப்பு. ஆம்பளைங்க நெறையப் பேருக்கு இருக்கு. சீனியக் கொறைங்க, நல்லா நடங்க. கொஞ்சங் கொஞ்சமா வத்தும். காம்புக்குப் பின்னால கட்டியாத் தட்டுப்பட்டாத்தான் சுரப்பி வளந்திருக்கான்னு பாக்கணும். அதுக்கும் வைத்தியம் இருக்கு."

ஜெசிந்தனுக்கு உயிர் வந்தது. அவசரமாகச் சட்டையை மாட்டினான்.

பிலிப்பு மட்டும் எழும்பவில்லை. "டொக்டர், ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி இருந்தா? வலியே இல்லாம?"

"அத சும்மா விடக்கூடாது. ஆம்பளைங்களுக்கும் மார்புல புத்துநோய் வரலாம். எல்லாக் கட்டியும் அப்படி இல்ல, ஆனா ஒடனே சோதிச்சிரணும். இவருக்குத்தான் அப்படி ஒண்ணும் இல்லியே?"



"டொக்டர் சொன்னாக் கேளுங்க மாமா. எனக்கு ஒண்ணும் இல்ல. வாங்க போவோம்," என்று எரிச்சலோடு கதவைத் திறக்கப் போனான் ஜெசிந்தன்.

பின்னால் அந்தக் கங்காணிக் குரல், முதல் தடவையாக, காதோடு காதாகப் பேசுகிற மாதிரி இறங்கி வந்தது.

"கதவத் தொறக்காதீங்க மாப்பிள்ள." பிலிப்பு தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எனக்குத்தான் இருக்கு. ஆம்பளைக்கு இந்த எடத்துல கட்டின்னு தனியா வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சி. அதான், ஒங்களத் தொணைக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன்."