அம்மா சொன்ன ஒரு சொல்

"ஒரு மணி நேரம்ப்பா. அண்ணன் ஒரே ஒரு மணி நேரம் நம்ம வீட்ல இருக்கட்டும். அப்புறம் போயிடுவான்."

தையல்காரர் நிமிரவில்லை. ஊசித் துளைக்குள் நூலைக் கோக்கப் பார்த்தார். நுனி பிரிந்து வெளியே போனது. எச்சில் தொட்டு முறுக்கினார். மறுபடியும் வெளியே போனது.

"இந்த வாசலை அவன் தாண்டக் கூடாது. உங்கம்மா போன அன்னைக்கே முடிவான விஷயம்."

"இன்னைக்குக்கூட மெஷின்ல உட்காரணுமா?"

"இந்தக் கோட்டு நாளைக்கு வேணும்னு கேட்டிருக்காங்க."

மகள் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். சின்ன வயதில் அவளும் அண்ணனும் அப்படிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவரிடம் அடி வாங்காமல் ஓடுவார்கள். இன்று அவள் ஓடவில்லை.

"வண்டி தெருமுனையில நிக்குது. அவன் அதுலதான் இருக்கான். யாரோ மாதிரி அவனை வெளியில நிறுத்தி வெச்சிருக்கோம்ப்பா."

"நானா குடிக்கச் சொன்னேன்? உங்கம்மா மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருக்கா, இவன் தள்ளாடிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றான். டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கவே முடியுது. வார்டே சிரிச்சுது."

"அன்னைக்கோட குடியை விட்டுட்டான். அதைச் சொல்லத்தான் திரும்பத் திரும்ப போன் பண்ணான். ஒரு தடவை எடுத்தீங்களா?"

"ஏன் எடுக்கணும்? உங்கம்மாவே தீர்ப்பு சொல்லிட்டாளே."

அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்று அவர் மகனை வார்டுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அம்மா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கினாள். நீளமாகப் பேச அவளுக்கு மூச்சு இல்லை. கதவைப் பார்த்து, "பாவம்" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அதன்பிறகு அவள் பேசவே இல்லை.

"வேதத்தைக் கரைச்சுக் குடிச்சவ. பாவத்தைப் பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டா," என்றார் தையல்காரர். "அதை மீறி அவனை உள்ளே விட்டா, நாளைக்கு அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

மருமகன் வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

"மாமா, டிரைவர் முணுமுணுக்கறார். வீட்டுக்கா, நேரா அங்கேயான்னு கேட்கறார். அடுத்த டிரிப் இருக்காம்."

"நேராவே போகச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"கொஞ்சம் இருங்க," என்று கணவனைத் தடுத்தாள் மகள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "குடை எடுத்துக்கிட்டுப் போகலாமா வேண்டாமான்னுகூட முட்டி போட்டு ஆண்டவர்கிட்ட ஞானம் கேட்கிற ஆளு நீங்க. 'உங்கப்பா ஜெபம் முடியறதுக்குள்ள மழையே விட்டுடும்'னு அம்மா கிண்டல் பண்ணுவா. அண்ணன் விஷயத்துல ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"அதுல கேட்க என்ன இருக்கு? எனக்குத்தான் தெரியுமே."

"குடையைவிட அவன் லேசாப் போயிட்டானாப்பா?"

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து மெஷின் மேல் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினார். சிமெண்டுத் தரையில் துணித் துணுக்குகள் கிடந்தன. அவற்றின் மேலேயே மண்டியிட்டார்.

"ஆண்டவரே, எனக்குப் புத்தி தாரும். எனக்கு ஒண்ணும் புரியல. என்ன செய்யணும்னு நீரே சொல்லும். என் மகளைத் தேற்றும். நேத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம அலையறா. அவ பாவம்..."

ஜெபம் அங்கேயே நின்றுவிட்டது.

மகள் காத்திருந்தாள். ஆமென் வரவில்லை.

"என்னப்பா?"

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

"நான் பாவம்னு சொன்னீங்க."

அவர் மண்டியிட்டபடியே அவளைப் பார்த்தார். "உங்கம்மா... அன்னைக்கு வெளியில நல்ல மழை. இவன் சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. நான் தள்ளிவிட்டுட்டு வர்றேன். அவ கண்ணு கலங்கியிருக்கு. அவன் செஞ்ச காரியத்தை நினைச்சுத்தான் அவ அழறாள்னு நான்..."

"அம்மா என்னைக்காவது ஒருத்தரைக் குத்தம் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பூனைக்குட்டி நனைஞ்சாலே பாவம்னு துண்டை எடுத்துக்கிட்டு ஓடறவப்பா அவ."

தையல்காரர் தரையில் கையூன்றினார். மருமகன் ஓடிவந்து தூக்கிவிட்டான். அவனுடைய தோளை அவர் விடவில்லை.

"வண்டியை வாசலுக்கு வரச் சொல்லுங்க மாப்பிள்ளை. சீக்கிரம். அவன் ரொம்ப நேரமா வெளியில இருக்கான்."

சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் பனியனோடு தெருவில் இறங்கினார். முட்டியில் துணித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வண்டி பின்பக்கமாக ஊர்ந்து வந்து நின்றது. டிரைவர் இறங்குவதற்குள் அவரே போய்க் கதவின் கொக்கியை இழுத்தார்.

"அப்பா வந்துட்டேன்டா," என்றார். "வா, வீட்டுக்குப் போகலாம்."

பிறகு, பெட்டியைத் தூக்க வந்த நான்கு பேரில் ஒருவனை விலக்கிவிட்டு, "தலைப்பக்கம் நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.